நைலில் நான்கு இரவும் முகப்புத் தூண் பன்னிரண்டும்

பிப்ரவரி 12, 2025, புதன். காரைக்குடி

நேற்றுத் தைப்பூசம். பழனிக்கு நடந்து போன சொந்தக்காரர்கள் இன்னும் திரும்பவில்லை. நாங்கள் நாளை இரவு சென்னைக்கு ரயில் ஏறுகிறோம். அங்கிருந்து கெய்ரோ, கெய்ரோவிலிருந்து லக்சர், அப்புறம் நைல் நதியில் நான்கு இரவு கப்பல். நான், என் மனைவி, 76 வயது ஆத்தா.

ஆத்தாவின் பைதான் பெரிது. பருப்புப் பொடி, இடிச்ச மிளகாய்ப் பொடி, உப்பு நார்த்தங்காய், ஒரு டப்பா சீப்புச்சீடை. கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு என்றேன். "அது அவுக சாப்பாடு" என்றார்.

மாலையில் பெரியப்பா மகன் அண்ணன் போன் செய்தார். ஊரில் இருக்கும் பொதுவீட்டு விஷயம். பழைய சாமான் வியாபாரி ஒருவர் முகப்புத் தேக்குத் தூண் பன்னிரண்டுக்கும் விலை சொல்லியிருக்கிறாராம். ஒன்பது பங்கில் ஆறு பேர் சரி சொல்லிவிட்டார்கள். வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஆத்தாவிடம் சொல்லவில்லை. அவருக்குக் காது மந்தம் என்பது எங்கள் நம்பிக்கை.

பிப்ரவரி 15, சனி. லக்சர்

வந்து சேர்ந்தோம். பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கால் வீங்கியதைத் தவிர.

ஏஜென்ட் 'ஆற்றைப் பார்த்த ஜன்னல்' என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். திரையை விலக்கினால் ஒரு முழ தூரத்தில் பக்கத்துக் கப்பலின் ஜன்னல். உள்ளே ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். இங்கே கரையில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துகிறார்கள். எங்களுடையது நான்காவது. கரைக்குப் போக மூன்று கப்பல்களின் வரவேற்பறைகளுக்குள் புகுந்து நடக்க வேண்டும். எனக்கு எரிச்சல். ஆத்தாவுக்கு இது எங்கள் ஊர் வீட்டுக் கட்டுகளைப் போலப் பழகிய ஏற்பாடு. "முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி. நேராப் போனா தெரு" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.

மாலையில் கர்னாக் கோயில். பெரிய மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். நடுவில் இருக்கும் இரண்டு வரிசை மற்றவற்றைவிட உயரம், சுமார் 21 மீட்டர். ஆத்தா அந்த இரண்டு வரிசையை மட்டும் விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டு. நம்ம முகப்புலயும் அம்புட்டுத்தான்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். காது மந்தமாம்!

எனக்குப் பிடித்தது வேறு. முதல் கோபுர வாசலை அவர்கள் கட்டி முடிக்கவே இல்லை. கல்லை மேலே ஏற்றப் போட்ட மண் செங்கல் சரிவின் மிச்சம் உள்பக்கச் சுவரில் இன்னும் சாய்ந்து கிடக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகச் சாரம் பிரிக்காத வீடு.

பிப்ரவரி 16, ஞாயிறு. லக்சர் மேற்குக் கரை, பிறகு எஸ்னா

காலையில் அரசர்களின் பள்ளத்தாக்கு. பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த, சிறுவயதிலேயே இறந்த அரசன் துட்டன்காமன் கல்லறைக்குத் தனிக் கட்டணம். அந்தப் பையனின் உடல் இன்னும் அங்கேதான், கண்ணாடிப் பெட்டியில். ஆத்தா உள்ளே வர மறுத்துவிட்டார். "எழவு வீட்டுக்கு டிக்கெட்டு வாங்கிக்கிட்டா போவாக?" வெளியே நிழலில் உட்கார்ந்து சீடை தின்றார்.

அவரை இழுத்தது மிளகுதான். அரசர் இரண்டாம் ராம்சேஸ் இறந்து உடலைப் பதப்படுத்தியபோது மூக்குத் துவாரங்களில் மிளகு வைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னார். 3,200 வருடத்துக்கு முந்தைய சங்கதி. மிளகு நம் பக்கத்துச் சரக்கு. நானும் எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன்: இங்கிருந்து கிழக்கே பாலைவனத்தைத் தாண்டினால் செங்கடல். அந்தக் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது. கி.பி. முதல் நூற்றாண்டு. ஒறி என்றால் உறிதான், பானையைக் கட்டித் தொங்கவிடும் கயிறு.

"உறியா? பூனைக்குப் பயந்து கட்டியிருப்பாக" என்றார் ஆத்தா. பூனையைக் கும்பிட்ட ஊர் இது என்றேன். "கும்பிட்டா மட்டும் பாலைக் குடிக்காதா?"

இரவு, எஸ்னா. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. நாங்கள் தெற்கே போவதால் எதிர்த் திசையில் ஏறுகிறோம். எஸ்னாவில் அணை. கப்பல்களை இரண்டிரண்டாக ஒரு பெரிய தொட்டிக்குள் விட்டு, கதவடைத்து, தண்ணீர் ஏற்றி மேல்மட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அதுவரை வரிசையில் காத்திருப்பு. அங்கேதான் வேடிக்கை. சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து கப்பலோடு ஒட்டிக்கொள்கிறார்கள். மேசை விரிப்பு, நீள அங்கி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு நான்கு மாடி உயரத்துக்கு வீசுகிறார்கள். குறி தப்புவதில்லை. பிடித்திருந்தால் காசை அதே பையில் போட்டுத் திருப்பி எறியலாம், இல்லையென்றால் சரக்கையே எறியலாம்.

ஆத்தா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேரம் பேசினார். கீழே அந்த ஆள் அரபியில். இருவரும் விரல்களைக் காட்டிக்கொண்டார்கள். கால் மணி நேரம். பச்சை அங்கி ஒன்றைச் சொன்ன விலையில் பாதிக்குக் கீழே முடித்தார். யாருக்கு என்றால், "இருக்கட்டும், காசு எறிஞ்சாச்சுல்ல" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள். எட்ஃபு, கோம் ஓம்போ

எட்ஃபு கோயிலுக்குக் குதிரை வண்டி. எலும்பு தெரிந்த குதிரை, ஏறியிருக்கக் கூடாது. கோயில் அருமை. ஒரு காலத்தில் கூரை வரை மணல் மூடி, மேலே ஜனங்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்களாம்.

கோம் ஓம்போவில் முதலைச் சாமி. பதப்படுத்திய முதலைகளைப் பார்க்கக் கூட்டம். எனக்குப் பக்கத்திலிருந்த கிணறு போதும். ஆற்றில் எவ்வளவு வெள்ளம் ஏறியது என்று அளக்கும் கிணறு. அளவு பார்த்து அந்த வருட விளைச்சலைக் கணித்து வரி போடுவார்கள். எங்கள் ஊரில் ஆறு கிடையாது, ஊருணிதான். படி எத்தனை முழுகியது என்பதை வைத்துத்தான் அந்த வருடக் கோடையைப் பற்றிப் பேசுவோம். நல்லவேளை, வரி இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய். அஸ்வான்

பிலே தீவின் ஐசிஸ் கோயிலுக்கு மோட்டார் படகில் போனோம். உண்மையில் இப்போது அது பிலே தீவு இல்லை. 1902இல் கட்டிய பழைய அணையால் கோயில் வருடத்தில் பல மாதம் தண்ணீரில் நின்றிருக்கிறது. சுவரில் கறை தெரிகிறது. பிறகு பெரிய அணையும் வரவே, 1970களில் சுற்றிலும் தடுப்பு கட்டி, தண்ணீரை இறைத்து, கோயிலைச் சுமார் 40,000 துண்டுகளாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, பக்கத்து அகில்கியா தீவில் திரும்பக் கட்டினார்கள். 1980இல் திறந்தார்கள்.

ஆத்தா இதை மூன்று முறை கேட்டார். "ஒண்ணுகூடத் தொலையலையா? வித்துட்டுப் போகலையா?"

சித்திர எழுத்தில் தேதியோடு கிடைத்த கடைசிக் கல்வெட்டும் இங்கேதான்: கி.பி. 394, ஆகஸ்ட் 24. அதன் பிறகு படிக்க ஆள் இல்லை. எனக்கு ஐயாவின் இரங்கூன் கணக்குப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. எல்லாம் தமிழ் எண்ணில். எனக்கு மூன்றுக்கு மேல் தெரியாது.

இன்னும் தெற்கே இருக்கும் அபு சிம்பெல் கோயிலுக்குப் போகவில்லை. விடியுமுன் கிளம்பிப் போய்த் திரும்ப ஆத்தாவால் முடியாது. நாளை இறங்குகிறோம்.

பிப்ரவரி 24, திங்கள். காரைக்குடி

காலையில் ஊர் வீட்டுக்குப் போனோம். பச்சை அங்கி காவல்காரருக்குப் போயிற்று. உடனே போட்டுக்கொண்டார், கணுக்காலுக்குக் கீழே தரையைப் பெருக்குகிறது.

முகப்புத் தூண்களில் சாக்பீஸால் எண் எழுதியிருந்தது, 1 முதல் 12 வரை. வியாபாரியின் ஆட்கள் எழுதியதாம். எங்கே போகிறது என்று ஆத்தா கேட்டார். ஏதோ ரிசார்ட்டுக்கு என்றார் அண்ணன்.

"அங்கே ஆத்துத் தண்ணி வந்துச்சு, கழட்டினாக. இங்கே எந்தத் தண்ணி வந்துச்சு?"

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இரண்டாங்கட்டுக் கதவைத் திறந்தார். ஓடு சரிந்து வானம் தெரிந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்கப் பாசி. "மழைத் தண்ணி, சின்னத்தா" என்றார்.

ஆத்தா நெடுநேரம் அங்கேயே நின்றார். திரும்பும்போது மூன்றாம் எண்ணை மட்டும் முந்தானையால் துடைத்தார். மற்றவை அப்படியே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஓடு மாற்றுகிறவரை வரச் சொல்லியிருக்கிறோம். வியாபாரியும் அன்றைக்குத்தான் வருகிறார்.