கசக்கினால் எலுமிச்சை – ஒரு செடியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 4

விதைப் பொட்டலம் வந்துவிட்டது. உள்ளே விதை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். அவ்வளவு பொடி. 1000 விதையைச் சேர்த்து நிறுத்தாலும் 1 கிராம் தேறாது.

"என்ன செடி?" என்று அத்தை கேட்டார்.

"லெமன் பாம், அத்தை."

"பாமா? தலைவலிக்குத் தேய்க்கிறதா?"

புதினா, துளசி குடும்பத்துச் செடி, இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வரும் என்று விளக்கினேன். "அப்போ எலுமிச்சையையே வைக்கலாமே" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 5

குழித்தட்டில் விதைத்தாயிற்று. இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், மண் போட்டு மூடக்கூடாது. ஈர மண்ணின் மேல் தூவி, ஒரு மரக்கட்டையால் லேசாக அழுத்தியதோடு சரி. பூவாளியால் ஊற்றினால் விதை மிதந்து ஒரே மூலைக்குப் போய்விடும் என்பதால் தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட்டேன். மேலே கண்ணாடித்தாள்.

பிப்ரவரி 13

ஒன்றும் இல்லை. நாளுக்கு நாலு முறை எட்டிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

பிப்ரவரி 16

இரண்டு பச்சைப் புள்ளிகள்! படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

பிப்ரவரி 21

அனுப்பியிருக்க வேண்டாம். அந்த இரண்டும் களை. இலை விரிந்ததும் மெல்லக் கசக்கி முகர்ந்தேன், வெறும் பச்சை வாசனை. ஆனால் பக்கத்துக் குழிகளில் குண்டூசித் தலை அளவில் வட்ட வட்டமாக வேறொன்று எழுந்திருக்கிறது. 16 நாள். வாசனை பார்க்கும் அளவுக்கு இன்னும் இலை இல்லை. இந்த முறை யாருக்கும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 10

இப்போது சொல்லலாம். 11 நாற்று தேறியிருக்கிறது. விதையிலைக்கு மேல் ரம்பப்பல் விளிம்போடு இரண்டு ஜோடி இலை. தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் நாலு பட்டையாக இருப்பது தெரிகிறது, புதினாக் குடும்பத்தின் அடையாளம் அதுதான். இலையைத் தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனேன். எலுமிச்சையேதான். முழுசாக எலுமிச்சை என்றும் சொல்ல முடியாது, தோலைச் சீவும்போது தெறிக்குமே, அந்த வாசனை.

மார்ச் 25

இடம் மாற்றும் நாள். நாலு தொட்டியில், மூன்று மரத்தடி மண்ணில், மீதி நாலு கேட்டவர்களுக்கு. தரையில் வைப்பதானால் செடிக்குச் செடி 45 செ.மீ. விட வேண்டும். இந்த நுனிவிரல் அளவு நாற்றுக்கா இவ்வளவு இடம் என்று தோன்றத்தான் செய்யும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டேன். நன்றாக வந்தால் 60 முதல் 90 செ.மீ. உயரத்துக்குப் புதராகும்.

தொட்டிகளில் ஒன்று மொட்டை வெயிலில், இரண்டு சுவர் நிழலில். நாலாவதை வைக்க வேறு இடமில்லாமல் வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலில் இடறாமல் இருந்தால் சரி.

ஏப்ரல் 12

வெயில் தொட்டிச் செடி மதியமானால் துவண்டு விழுகிறது. நானும் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் ஊற்ற மறந்துபோக, சாயங்காலம் அது தானாகவே நிமிர்ந்து நின்றது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் முதல் கணு வரை சொதசொதப்பு. தாகத்தில் துவளவில்லை, சூடு தாங்காமல் துவண்டிருக்கிறது. நான் ஊற்றிய தண்ணீர் அதன் வேரை அழுகவைக்கப் பார்த்திருக்கிறது. தொட்டியைக் காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு நகர்த்திவிட்டேன்.

வெயிலில் நின்றதன் இலை சிறிசு, கொஞ்சம் மஞ்சள், ஆனால் வாசனை தூக்கல். நிழல் செடியின் இலை பெரிசு, கரும்பச்சை, வாசனை அடக்கம். பார்க்க அழகு ஒன்று, முகர அழகு இன்னொன்று.

ஏப்ரல் 27

ஆர்வக்கோளாறில் மண்புழு உரத்தை இரண்டு மடங்கு போட்டேன். இலைகள் வெற்றிலை அளவுக்கு விரிகின்றன. கசக்கினால் வெறும் இலை. வாசனைச் செடியை ஊட்டி வளர்க்கக்கூடாது போலிருக்கிறது.

மே 8

கத்தரிக்க வேண்டிய நாள். ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டேன். மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை வெட்டுவதாவது! ஆனால் வெட்டாமல் விட்டதால் சுவரோரத்து இரண்டும் ஒற்றைத் தண்டாக நீண்டு, காற்றடித்தால் சாய்கின்றன.

ஒரு வழியாக, இலைக்கணுவுக்குச் சற்று மேலே, செடியின் மூன்றில் ஒரு பங்கை எடுத்தேன். இந்தச் செடியில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு தூங்கும். நுனி போனால் அந்த இரண்டும் விழித்துக்கொள்ளும். ஒரு கிளை போன இடத்தில் இரண்டு. இதெல்லாம் தெரிந்ததுதான், ஆனாலும் கத்தரிக்கோல் பிடித்த கை நடுங்கியது.

வாசற்படித் தொட்டியை வெட்டவில்லை. அது குட்டையாகவே இருக்கிறது, பாவம்.

மே 9

வெட்டியதில் தேநீர். முதல் முயற்சியில் இலையைத் தண்ணீரோடு போட்டுக் கொதிக்கவிட்டேன். வீடெல்லாம் மணம், கோப்பையில் வைக்கோல் தண்ணீர். மணம் ஆவியோடு போகும் பொருள், அதைக் கொதிக்கவிட்டால் சுவரும் கூரையும்தான் குடிக்கும்.

இரண்டாவது முறை ஒரு கைப்பிடி இலையைக் கிள்ளிக் கோப்பையில் போட்டு, கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடி 10 நிமிடம். மூடியைத் திறக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிட வேண்டும், பாதி வாசனை அதில்தான் இருக்கிறது.

முதல் மடக்கில் ஒரு வேடிக்கை. மூக்கு எலுமிச்சை என்கிறது, நாக்கு புளிப்புக்குத் தயாராகிறது, புளிப்பு வரவே இல்லை. வாசனை தருவது சிட்ரால், சிட்ரோனெலால் என்னும் எண்ணெய்ப்பொருள்கள். எலுமிச்சைப் புல்லிலும் மணப்பது சிட்ரால்தான். பழத்தின் சிட்ரிக் அமிலம்தான் புளிப்பு, அது இந்தக் கோப்பையில் பேருக்குக்கூட நாக்கில் படவில்லை. ஏமாற்றப்பட்ட உணர்வு இரண்டு மடக்கோடு போய்விட்டது. அப்புறம் பிடித்துவிட்டது.

மே 10

அத்தைக்கும் ஒரு கோப்பை போட்டேன், நல்ல வேளையாகக் கொடுப்பதற்கு முன் நினைவு வந்தது. அவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மூலிகை அந்த மாத்திரையோடும், தூக்க மாத்திரைகளோடும் ஒத்துப்போகாமல் போகலாம் என்று படித்திருக்கிறேன். மருத்துவரிடம் கேட்டதில், தினசரி வேண்டாம், தவிர்த்துவிட்டால் நல்லது என்றார். அத்தை முகம் வாடிவிட்டது. "வாசனை பிடிக்கவாவது விடுவியா?" என்றார். அதற்குத் தடையில்லை என்றேன்.

ஜூன் 3

உலர்த்துவதில் தோல்வி. வெயிலில் ஒரே நாளில் மொறுமொறுவென்று ஆனது, கூடவே கறுத்தும் போனது. வாசனை கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஜூன் 14

இந்த முறை பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் வெட்டினேன். கழுவவில்லை, உதறியதோடு சரி. ஐந்தாறு தண்டுகளாகச் சின்னக் கட்டு கட்டி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் புழுங்கிக் கறுக்கும். சூடு 35 டிகிரிக்கு மேல் போகாமல், அதே சமயம் சீக்கிரமாகவும் உலர வேண்டும், இரண்டுக்கும் நடுவே நடக்கும் வித்தை இது. தண்டு வளையாமல் 'டக்'கென்று ஒடிந்தால் பக்குவம்.

இலையைப் பொடிக்காமல் முழுதாக டப்பாவில் போட்டிருக்கிறேன். பொடித்து வைத்தால் திறக்கும் ஒவ்வொரு முறையும் வாசனை கொஞ்சம் ஓடும். எப்படிக் காயவைத்தாலும் பச்சிலையின் பாதி மணம்தான் மிஞ்சுகிறது. அதனால் ஒரு பங்கை நறுக்கி, தண்ணீரோடு பனிக்கட்டித் தட்டில் உறையவிட்டேன். காய்ந்ததைவிட இதுதான் எனக்கு உசத்தியாகத் தெரிகிறது.

ஜூன் 15

கொசு அண்டாது என்கிறார்களே என்று கை காலெல்லாம் இலையைத் தேய்த்துக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்தேன். சுமார் 10 நிமிடம் மரியாதை இருந்தது. அப்புறம் எலுமிச்சை மணக்க மணக்கக் கடித்தன.

ஜூன் 28

தேனீப் பெட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கட்டு இலை கேட்டார். காலிப் பெட்டியின் உட்புறம் தேய்த்தால் பிரிந்து பறக்கும் கூட்டம் குடியேறுமாம். பழைய நம்பிக்கைதான். 2000 ஆண்டுக்கு முன்பே ரோமானியக் கவி வர்ஜில், தேனீக்களை அழைக்க இந்த இலையைக் கசக்கித் தெளிக்கச் சொல்லியிருக்கிறார். செடியின் தாவரவியல் பெயர் மெலிசா அஃபிசினாலிஸ், லின்னேயஸ் 1753இல் வைத்தது. மெலிசா என்றால் கிரேக்கத்தில் தேனீ.

நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. வேலைக்காரத் தேனீயின் வயிற்று நுனியில் நாசனோவ் சுரப்பி என்று ஒன்று உண்டு. "வீடு இங்கே இருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டாளிகளை அழைக்க அது வெளியிடும் வாசனையில் சிட்ராலும் ஒரு சேர்மானம். நம் இலையின் மணம் தேனீ மொழியில் ஒரு சொல்.

ஜூலை 6

அண்ணன் பெட்டியில் எறும்பு குடியேறியிருக்கிறது.

ஜூலை 19

மரத்தடிச் செடிகளில் மொட்டு. பூ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், இலைக்கக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். பூத்துவிட்டால் இலையில் சோப்பு வாடை கலந்துவிடுகிறது, எனவே அறுவடை இதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். இரண்டு செடியை வெட்டினேன். ஒன்றை அண்ணனின் தேனீக்களுக்காக விட்டிருக்கிறேன். பெட்டிக்கு வராத கூட்டம் பூவுக்கு வந்துவிட்டது, காலை எட்டு மணிக்கே ரீங்காரம்.

ஆகஸ்ட் 5

சுவரோரத் தொட்டிகளில் சாம்பல் நோய். இலை மேல் மாவு தூவியது போல. நெருக்கமாக வளர்ந்து காற்றே புகாமல் போனதுதான் காரணம். கெட்டது, நல்லது என்று பொறுக்கிக்கொண்டிருக்க முடியாத நிலை. தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு முழுசாக அறுத்துப் போட்டேன். தொட்டியில் இப்போது துடைப்பக்கட்டையின் அடிதான் நிற்கிறது. மே மாதத்தில் நுனியைக் கிள்ளவே நடுங்கிய கை இதுதானா?

வாசற்படிச் செடிக்கு நோய் தொற்றவில்லை. அதை நான் கவனித்தே பல வாரமாகிறது.

ஆகஸ்ட் 14

துடைப்பக்கட்டையின் அடியிலிருந்து 20க்கு மேல் தளிர்கள்! இலை ஒவ்வொன்றும் கழுவி வைத்தது போல. விதைத்த நாளிலிருந்து இவ்வளவு நல்ல வாசனை வந்ததில்லை. இன்றைய தேநீருக்குத் தேன்கூட வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 9

வெட்டியதில் பூக்காத தண்டு நாலைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தியிருந்தேன். கணுவிலிருந்து வெள்ளை வேர் விட்டிருக்கிறது. விதைக்குப் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த ஆண்டு தூரைப் பிரித்தும் நடலாம்.

செப்டம்பர் 30

தேனீக்களுக்காக விட்ட தருமத்துக்குப் பலன். மரத்தடி முழுக்க நாற்று, நடைபாதைக் கல்லிடுக்கில்கூட. இது புதினா மாதிரி மண்ணுக்குள் தண்டோடி ஊரைப் பிடிப்பதில்லை, விதை உதிர்த்துத்தான் பரவுகிறது. பூவை வெட்டினால் அடங்கும், வெட்டாவிட்டால் இப்படி. பிடுங்கப் பிடுங்கக் கை மணக்கிறது, களையெடுப்பில் இது ஒரு சௌகரியம்.

அக்டோபர் 12

இலை மிகுதியைப் பார்த்துத் தைலம் இறக்கும் ஆசை வந்தது. கணக்குப் போட்டதும் போய்விட்டது. 100 கிலோ பச்சிலையைக் காய்ச்சினாலும் தைலம் 100 மில்லியைத் தொடுவது அபூர்வம். சுத்தமான மெலிசா தைலம் அநியாய விலை விற்பதும், எலுமிச்சைப் புல் தைலத்தைக் கலந்து விற்பதும் இதனால்தான். நான் கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்டோபர் 20

இன்று நாற்று வாங்க ஒருவர் வந்தார். தோட்டத்தைச் சுற்றிவிட்டு வெளியே போகும்போது வாசற்படித் தொட்டியைப் பார்த்து நின்றார். "இதைத்தான் நீங்கள் அருமையாகக் கவாத்து செய்திருக்கிறீர்கள்" என்றார். குனிந்து பார்த்தேன். குட்டை, பந்து மாதிரி உருண்டை, உள்ளே விரல் நுழையாத அடர்த்தி, ஆனால் ஒரு பூமொட்டு இல்லை. நான் கத்தரிக்கோலே வைக்காத செடி.

அவர் போன பிறகு அத்தையிடம் கேட்டேன்.

"போகையிலும் வரையிலும் ஒரு கொழுந்தைக் கிள்ளி முகந்து பார்ப்பேன். குடிக்கத்தானே கூடாதுன்ன?" என்றார். "ஏன், செடிக்கு ஏதும் ஆயிடுச்சா?"