எந்த லாங்குவேஜுக்கு மார்க்கெட்? பட்டியலைப் பார்க்கும் முன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஃபாக்ஸ்ப்ரோ, பிறகு விஷுவல் பேசிக், பிறகு ஜாவாவும் டாட் நெட்டும். இப்போது திரும்பிய பக்கமெல்லாம் பைதான். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: “இப்ப எந்த லாங்குவேஜுக்கு மார்க்கெட்?” இதற்குப் பதில் சொல்ல, ஒரு கம்ப்யூட்டர் மொழி ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல மொழி என்பதற்காக மட்டும் எதுவும் உச்சிக்குப் போனதில்லை. அதைச் சுமந்து போக ஓர் இயந்திரமோ ஒரு துறையோ எப்போதும் இருந்திருக்கிறது.

1957-இல் ஃபோர்ட்ரான் வந்தது ஐபிஎம் 704 என்ற கம்ப்யூட்டருடன். கணக்குப் போடும் விஞ்ஞானிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபோலுக்குப் பின்னால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நின்றது; வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள் போயின. 1972-இல் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி, அடுத்த ஆண்டே யுனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதில் திருப்பி எழுதப்பட்டதால், யுனிக்ஸ் போன இடத்துக்கெல்லாம் போனது. ஜாவா 1995-இல் பிறந்தது. நிறுவனங்களின் சர்வர்களில் வேரூன்றியபின், 2008-க்குப் பிறகு ஆண்ட்ராய்டு அதற்கு இன்னொரு ஆயுளைக் கொடுத்தது. அதே 1995-இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் இன்று எல்லா பிரவுசரிலும் ஓடுகிறது. வாகனம் நின்றால் மொழியும் நிற்கும். பிரவுசரில் அனிமேஷனும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷுக்கான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட், ஃபிளாஷோடு 2020 முடிவில் போயிற்று. ஐபோன் தூக்கிவிட்ட அப்ஜெக்டிவ் சி-யை, 2014-இல் ஆப்பிளே ஸ்விஃப்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

பைதான் கதை இன்னும் விளக்கமானது. 1991-இல் வந்த மொழி. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடுவரிசையில்தான் இருந்தது. வேகத்தில் சி-க்கு அருகில்கூட வராது. ஆனால் 2006-இல் நம்பை 1.0, 2015-இல் டென்சர்ஃப்ளோ, 2016-இல் பைடார்ச் என்று, எண் கணக்குக்கும் செயற்கை நுண்ணறிவுக்குமான நூலகங்கள் (ஆயத்த கோட் தொகுப்புகள்) வந்தன. கடினமான கணக்கை உள்ளே சி-யும் சி பிளஸ் பிளஸ்ஸும் செய்யும். வெளியே எழுதுகிறவருக்குப் பைதான் போதும். நம்பையின் அணிக் கணக்குகள் லாபேக் என்ற நூலகத்தை நம்பியிருக்கின்றன. அது முதலில் எழுதப்பட்டது ஃபோர்ட்ரானில். பிரபல மொழிகளின் பட்டியலில் கீழே கிடக்கும் மொழிதான் முதலிடத்து மொழிக்கு அடியில் வேலை செய்கிறது.

பட்டியல்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2001-இல் தொடங்கிய டியோபி என்ற பட்டியல், தேடுபொறிகளில் மொழியின் பெயரோடு ‘புரோகிராமிங்’ என்ற சொல் சேர்ந்து எத்தனை பக்கங்களில் வருகிறது என்றுதான் எண்ணுகிறது. யார் எதில் எவ்வளவு கோட் எழுதுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. 2004 ஏப்ரலில் ஜாவாவும் சி பிளஸ் பிளஸ்ஸும் அதில் சடாரென்று விழுந்தன. யாரும் ஜாவாவைக் கைவிடவில்லை. கூகுள் தன் பக்கங்களைச் சுத்தம் செய்தது, அவ்வளவுதான். இருபது ஆண்டுகளாக ஜாவாவும் சி-யும் மாறி மாறி வைத்திருந்த அந்த முதலிடம் 2021 அக்டோபரில் பைதானுக்குப் போனது. புரோகிராமர்கள் கோட் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் பார்ப்பது வேறு. அங்கே 2024-இல் பைதான் ஜாவாஸ்கிரிப்டை முந்தியது, 2025 ஆகஸ்டில் ஜாவாஸ்கிரிப்டை ஒட்டிப் பிறந்த டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் முந்தியது. வங்கிக்குள் ஓடும் கோபோல் எவ்வளவு என்பது இதில் எதிலும் தெரியாது. 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர் வேலையின்மை உதவித்தொகை கம்ப்யூட்டர்களுக்குக் கோபோல் தெரிந்தவர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டபோதுதான் பலர் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாடத்திட்டம் எப்போதும் பின்னால்தான் வரும். நம் ப்ளஸ் டூ புத்தகத்தில் பைதான் வந்தது 2019-20-இல். அண்ணா பல்கலைக்கழகம் 2017 ரெகுலேஷன் என்ற பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டருக்குக் கொண்டுவந்தது. அதுவரை அந்த இடத்தில் சி இருந்தது. தாமதம்கூடப் பெரிய கெடுதல் இல்லை. பழைய கருவியில் படிப்பதுதான் கெடுதல். சி புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் பழைய கம்பைலரான டர்போ சி-யில், 200-ஐ 200-ஆல் பெருக்கி, முழு எண்ணை வைக்கும் இன்ட்டில் போட்டுப் பாருங்கள்: 40000 வராது, மைனஸ் 25536 வரும். அங்கே இன்ட் 16 பிட், 32767-க்கு மேல் தாங்காது. 40000-இலிருந்து 65536 கழிந்து நிற்கிறது. அதே புரோகிராம் இன்றைய கம்பைலரான ஜிசிசி-யில் 40000 காட்டும். டர்போவில் பழகிய ‘கோனியோ டாட் ஹெச்’ கோப்பு, திரையைத் துடைக்கும் ‘கிளியர் ஸ்கிரீன்’ கட்டளை இரண்டும் லினக்ஸில் கம்பைலே ஆகாது. பைதானிலும் இதே தொல்லை உண்டு. 5-ஐ 2-ஆல் வகுத்தால் பைதான் 2-இல் 2, பைதான் 3-இல் 2.5. பைதான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஃபீஸ் கட்டும் முன் சென்டரில் எந்த வெர்ஷன் என்று கேளுங்கள். சி என்றால் எந்தக் கம்பைலர் என்றும் கேளுங்கள். டர்போ என்றால் வேறு இடம் பாருங்கள்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மார்க்கெட் என்பது பெரும்பாலும் திருவனந்தபுரம் டெக்னோபார்க், சென்னை, பெங்களூரு. அதை உலகப் பட்டியல் சொல்லாது. வேலைவாய்ப்புத் தளத்தில் ஊரைத் திருவனந்தபுரம் என்று வையுங்கள், அனுபவம் 0 முதல் 1 வருடம் என்று வையுங்கள், பிறகு மொழியைத் தேடுங்கள். அனுபவ வடிகட்டியை மறந்தால் பத்து வருட ஆர்க்கிடெக்ட் வேலைகளெல்லாம் சேர்ந்து எண்ணிக்கை ஊதிவிடும். ஜாவா என்று தேடினால் ஜாவாஸ்கிரிப்டும் கலந்து வரலாம். சி, ஆர், கோ போன்ற குட்டிப் பெயர்களுக்கு எண்ணிக்கையை நம்பவே கூடாது. விளம்பரத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பத்து விளம்பரத்தையாவது முழுதாகப் படியுங்கள். ஜாவாவோடு ஸ்பிரிங் பூட் என்ற சர்வர் கருவியைக் கேட்கிறார்களா, பைதான் என்றால் இணையதளம் கட்டும் ஜாங்கோவா டேட்டா வேலையா, சி என்றால் சாதனங்களுக்குள் இருக்கும் எம்பெடட் போர்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே தேடலைச் செய்தால் போக்கு பிடிபடும். இப்படிப் படிக்கும்போது எந்த மொழிக்கான விளம்பரத்திலும், டேட்டாபேஸிலிருந்து தகவல் கேட்டெடுக்கும் எஸ்க்யூஎல் அடிக்கடி கண்ணில் படும். ஐபிஎம்மில் 1974-இல் பிறந்தது அது. சென்டர் போர்டில் பெரிய எழுத்தில் அது இருக்காது; ஆனாலும் முதல் இரண்டு மாதத்தில் அதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.