இளம்பச்சைக் கரைசல்

காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் நான் முதலில் எடுப்பது கன்ட்ரோல் தட்டைத்தான். காசநோய்க் கிருமியே சேர்க்காத அந்தத் தட்டில் ஒரு புள்ளிகூட விழக் கூடாது. அன்று அது சல்லடையாகக் கிடந்தது.

ஆய்வகத்தில் சேர்ந்து அப்போது மூன்று மாதம். கிருமி வளர்க்கும் எல்.ஜே. குப்பியின் பச்சைச் சரிவில் ரவை போலக் கிருமிகள் திரள ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். நாங்கள் பழகிய ஃபேஜ் முறைக்கு இரண்டே நாள். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ் ஃபேஜ். சுத்திகரித்த சளியில் டி29 என்ற ஃபேஜை விட்டால், உயிருள்ள காசநோய்க் கிருமிக்குள் அது புகுந்துகொள்ளும். பிறகு ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசல்: வெளியே மிதக்கும் ஃபேஜ் எல்லாம் சாகும், உள்ளே போனது தப்பும். அதன்பின் ஸ்மெக்மாடிஸ் என்னும் வேகமாக வளரும் பங்காளிக் கிருமியைக் கலந்து அகார் என்ற கூழில் ஊற்றுவோம். காசநோய்க் கிருமியை உடைத்து வரும் ஃபேஜ்கள் இதை மேயத் தொடங்கும். மறுநாள் வெண்படலத்தில் தெளிந்த வட்டங்கள் இருந்தால், சளியில் உயிருள்ள கிருமி இருந்தது என்று பொருள்.

எல்லாம் அந்தக் கரைசலை நம்பித்தான். அன்றன்றைக்கு எடைபோட்டுக் கரைக்க வேண்டும். நான் முந்தைய நாள் மிச்சத்தை எடுத்தேன். இளம்பச்சையாக இருக்க வேண்டியதில் மஞ்சள் தட்டியிருந்தது, கண்டும் ஊற்றினேன். சாகாத ஃபேஜ்கள் தட்டு முழுக்க மேய்ந்துவிட்டன.

“இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் சொல்லித் தரவில்லையா, தம்பி?” என்றார் மூத்த டெக்னீசியன் அக்கா. திட்டு அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேருடைய சளி மிச்சமில்லை. இருமி இருமிக் களைத்தவரிடம் மறுபடியும் டப்பாவை நீட்டும் வேலையை என்னிடமே விட்டார்.

இப்போது கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதற்குக் கிருமிதான். மருந்து சாப்பிடுபவரிடம் அது குழப்பும். ஃபேஜ் பிணத்தில் பெருகாது. இந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். மாட்டுக் காசநோய்க் கிருமியான போவிஸுக்குள்ளும் இதே டி29 புகும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ரீஸ் குழுவினர் மாட்டின் இரத்தத்திலேயே அந்தக் கிருமியை இந்த முறையால் தேடினார்கள். தோலில் ஊசி போட்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்கும் பழைய சோதனையோடு ஒப்பிட்டால், மாட்டுக்காரருக்கு அலைச்சல் மிச்சம். குறையும் உண்டு: டி29 இந்தக் குடும்பத்தின் பல கிருமிகளுக்குள் புகும். எந்தக் கிருமி என்று அறிய, வட்டத்தைச் சுரண்டி டிஎன்ஏ பார்த்தே ஆக வேண்டும்.

மறுபடி சளி கொடுத்த அந்த இருவரில் ஒருவருடைய தட்டில் இரண்டே வட்டங்கள் வந்தன. கன்ட்ரோல் தட்டு சுத்தம். அவருடைய எல்.ஜே. குப்பியை எட்டு வாரமும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. பதிவேட்டில் இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து எழுதினேன். அக்கா படித்துவிட்டு, எதையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.