இரண்டாம் முறை கிடைக்கும் வெற்றி

ஒரு நிரல் கோப்பில் எழுதும் தரவு உடனே டிஸ்கைச் சென்றடைவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் அது முதலில் நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷில், பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகச் சேர்கிறது. அந்தப் பக்கங்கள் இன்னும் டிஸ்கில் எழுதப்படாத 'டர்ட்டி' பக்கங்கள் என்று குறிக்கப்பட்டதும், எழுதும் அழைப்பு வெற்றியுடன் திரும்பிவிடுகிறது. இயல்பான அமைப்பில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிகளைத் தாண்டிய டர்ட்டி பக்கங்களை டிஸ்குக்கு அனுப்புகிறது. ஆகவே டிஸ்கில் பிழை ஏற்படும் நேரத்தில், அந்தத் தரவை எழுதிய நிரல் வேறு வேலையில் இருக்கலாம். கோப்பையே மூடிவிட்டும் போயிருக்கலாம். தரவு உண்மையிலேயே டிஸ்கில் சேர்ந்ததா என்று கேட்பதற்கு அந்த நிரலிடம் உள்ள முறையான வழி எஃப்சிங்க் அழைப்புதான்.

தரவுத்தளப் பராமரிப்பில் நான் சந்தித்த சிக்கல்களில், இந்த எஃப்சிங்க் தோல்வியைப் போல நிதானமாக யோசிக்க வைத்தது வேறில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வருக்கும் அதன் ஸ்டோரேஜுக்கும் இடையிலான இணைப்பு சிறிது நேரம் அறுந்து, தானாகவே மீண்டது. கெர்னல் பதிவில் டிஸ்கில் எழுத முடியாத பிழைகள் வரிசையாக இருந்தன. தரவுத்தளத்தின் பதிவிலோ ஒரு செக்பாயிண்ட் (அதுவரையிலான மாற்றங்களைத் தரவுக் கோப்புகளில் எழுதி, எஃப்சிங்க் மூலம் உறுதிசெய்யும் படி) தோற்றதும், அடுத்தது வெற்றி பெற்றதும் மட்டுமே தெரிந்தன. மறுமுயற்சி வென்றுவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே பொதுவான கருத்து நிலவியது. அந்தக் கருத்து இயல்பானது. ஆனால் லினக்ஸில் அது செல்லாது.

காரணம் இதுதான். டிஸ்கில் எழுத முடியாமல் போன பக்கத்தை எக்ஸ்ட்4 கோப்பு முறைமை டர்ட்டியாகவே வைத்திருப்பதில்லை. பிழையைக் குறித்துக்கொண்டு, பக்கத்தைச் சுத்தமானது என்று மாற்றிவிடுகிறது. எஃப்சிங்க் அந்தப் பிழையை ஒருமுறை சொல்கிறது. அடுத்த எஃப்சிங்க் வரும்போது எழுத வேண்டிய பக்கம் எதுவும் மிச்சமில்லாததால், அது வெற்றி என்கிறது. மேலும், கேஷில் புதிய உள்ளடக்கம் அப்படியே இருப்பதால், படித்துப் பார்த்தால் தரவு சரியாகவே தெரியும். நினைவக நெருக்கடியால் அந்தப் பக்கம் வெளியேற்றப்பட்ட பிறகு, அல்லது சர்வர் மறுதொடக்கம் ஆன பிறகுதான் டிஸ்கில் உள்ள பழைய உருவம் வெளிப்படும். பக்கம் சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் பழைய பக்கத்தின் செக்சம் அந்தப் பழைய பக்கத்துக்குப் பொருந்தவே செய்யும். இதனால்தான், எந்தக் கேள்விக்கும் தவறான விடை வராத நிலையிலும், அந்த சர்வரைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டு, தனி டிஸ்குகளில் இயங்கிவந்த அதன் பிரதி சர்வரை முதன்மையாக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன். இரண்டாம் செக்பாயிண்ட் வெற்றி பெற்றதாகக் கருதப்பட்டதால், அதற்கு முந்தைய மாற்றங்களை மீட்கும்போது தரவுத்தளம் திரும்ப இயக்கிப் பார்க்காது. இழப்பை அதுவாகச் சரிசெய்துகொள்ள வழியில்லை. விலக்கிய சர்வரை மறுதொடக்கம் செய்து ஒப்பிட்டபோது சில அட்டவணைகளில் பழைய வரிகள் இருந்தன.

கெர்னலின் இந்த முடிவைக் கண்மூடித்தனமானது என்று நான் கருதவில்லை. யாரோ யூஎஸ்பி டிரைவைப் பாதியில் பிடுங்கிவிட்டால், இனி ஒருபோதும் எழுத முடியாத பக்கங்களை நினைவகத்தில் காத்துவைப்பது மொத்த இயந்திரத்தையும் முடக்கிவிடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றோர் இயங்குதளம் வேறு வழியில் செல்கிறது. அங்கே தோல்வியுற்ற பக்கம் டர்ட்டியாகவே நீடிக்கிறது. இரண்டுக்கும் விலை உண்டு. ஆனால் எது நடக்கும் என்பதைப் பயன்பாட்டு நிரல் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும், அது பல ஆண்டுகளாகத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதே என் மனக்குறை.

2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.13இல், கெர்னல் மேம்பாட்டாளர் ஜெஃப் லேட்டன் செய்த மாற்றத்தால், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பிழை தனித்தனியே சொல்லப்படுகிறது. முன்பு முதலில் கேட்டவருக்கு மட்டுமே கிடைத்தது. 2018இல் கிரெய்க் ரிங்கர் இந்தச் சிக்கலை போஸ்ட்கிரெஸ் மேம்பாட்டாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதன் விளைவாக 2019 பிப்ரவரியில் வந்த 11.2 உள்ளிட்ட பதிப்புகளில், தரவுக் கோப்பின் எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி செய்யாமல் சர்வரை நிறுத்தி, முந்தைய செக்பாயிண்ட்டிலிருந்து மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை மீண்டும் இயக்கும் முறையே இயல்பான அமைப்பாக ஆனது. நிறுத்துவது கடுமையாகத் தோன்றினாலும், தரவு பத்திரமாக இருக்கிறது என்று பொய்யாக உறுதி கூறுவதைவிட அது நேர்மையானது.

இப்போது புதிய சர்வரைப் பயன்பாட்டுக்கு விடும் முன், பழுதான டிஸ்கைப் போல நடிக்கும் லினக்ஸ் வசதியான டிவைஸ் மேப்பரின் ஃபிளேக்கி இலக்கைக் கொண்டு, டிஸ்கில் எழுதுவதில் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கி, தரவுத்தளம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிறோம். எழுதிய தரவு டிஸ்கில் சேராமல் போனதைச் சொல்லும் வரி கெர்னல் பதிவில் தோன்றினால் இரவானாலும் அழைப்பு வரும்படி வைத்திருக்கிறோம். தரவுத்தளத்தைவிட இப்போது என்னை அதிகம் உறுத்துவது பேக்கப் ஸ்கிரிப்டுகள்தான்: நகலெடுக்கும் கட்டளை எஃப்சிங்க் செய்யாமலே வெற்றிக் குறியீட்டுடன் முடிந்துவிடுகிறது, அந்தக் குறியீட்டை நம்பி அடுத்த வரியில் பழைய பேக்கப் அழிக்கப்படுகிறது. அத்தகைய ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி, அழிக்கும் வரிக்கு முன்னால், எழுதிய கோப்புக்கு எஃப்சிங்க் செய்து அதன் விடையைச் சரிபார்க்கும் படியைச் சேர்த்து வருகிறேன்.