‘காரணம்’ என்ற சிறு கட்டம்

எங்கள் நிறுவனத்தின் ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு ரன்னிங் சார்ட் இருக்கும். புறப்பட்ட நேரம், மீற்றர் வாசிப்பு, சென்ற இடம், திரும்பிய நேரம், பயணித்தவரின் கையொப்பம் என்று நீளும் அந்தப் படிவத்தின் கடைசியில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. பெருவிரலை வைத்தால் மறைந்துவிடும் அளவுதான். கொள்ளுப்பிட்டியில் உள்ள தலைமை அலுவலகத்தின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கும் எனக்கு, அந்தக் கட்டம் வெறுமையாக விடப்பட்ட தாள்களைப் பச்சை மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவது வாரம் தவறாத வேலை. 2024 பெப்ரவரியில் ஒன்பது நாட்கள் நாட்டைச் சுற்றி வந்தபோதுதான் அதை நானே நிரப்ப வேண்டி வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன கிளைப் பயணங்கள், 2022இல் எரிபொருள் வரிசைகளும் அதன்பின் வந்த கியூஆர் அட்டையின் வாரக் கோட்டாவுமாகச் சேர்ந்து, மேலும் தள்ளிப்போயின. கோட்டா 2023 செப்ரெம்பரில் நீங்கும்வரை, களஞ்சியத்தின் இருப்பை வட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்தே சரிபார்த்தோம். ஒரு பெட்டியை நான்கு கோணத்தில் படமெடுத்தால் நான்கு பெட்டியாகத் தெரியும் என்பதை நிர்வாகம் உணரச் சற்றுக் காலம் எடுத்தது. உணர்ந்ததும் ஒரே சுற்றில் எல்லாக் கிளைகளையும் முடித்துவிட்டு வருமாறு உத்தரவு வந்தது. புத்தளம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, மொனராகலை, பண்டாரவளை, ஹற்றன். நான், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கணக்கு உத்தியோகத்தர் ஒருவர், பயிலுநராகச் சேர்ந்திருந்த மட்டக்களப்புத் தம்பி, வானை ஓட்டிய நானா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) என நால்வர் போனோம். நானா மாளிகாவத்தைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை ‘சேர்’ என்பார், நான் அவரை ‘நானா’ என்பேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யார் பெரியவர் என்று குழப்பமாக இருக்கலாம். எங்கள் இருவருக்கும் அதில் ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

இலங்கையின் நீளம் வடக்குத் தெற்காக 435 கிலோமீற்றர்தான். கனடாவில் இருக்கும் என் மைத்துனர், அந்தத் தூரத்தை அங்கே மதியச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டி முடித்துவிடுவதாகச் சொல்வார். எங்களுக்கோ, 2013இல் திறக்கப்பட்ட 25.8 கிலோமீற்றர் அதிவேகப் பாதை கட்டுநாயக்காவில் முடிந்ததுமே சுகமும் முடிந்துவிடுகிறது. பிறகு நீர்கொழும்பு, சிலாபம் என்று ஊர்மனை அறாத வீதி; பாடசாலை விடும் நேரம், உழவு இயந்திரம், ஒன்றையொன்று துரத்தும் தனியார் பேருந்துகள், ஊருக்குள் ஐம்பது, வெளியே எழுபது என்று மாறிக்கொண்டே இருக்கும் வேக எல்லை. யாழ்ப்பாணத்துக்கு நானூறு கிலோமீற்றர் என்று சொல்வதில் பயனில்லை. ஒரு பகலும் கொஞ்சம் இரவும் என்று சொல்ல வேண்டும். இதை நான் அறியாதவன் அல்லன். ஆனாலும் கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருந்து நிகழ்ச்சி நிரல் தயாரித்தபோது, மணிக்கு அறுபது கிலோமீற்றர் என்று கணக்கிட்டு, தேத்தண்ணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, எக்செல் தாளில் அழகாக அச்செடுத்துக் கொடுத்தவன் நான்தான். பின்னால் வந்த சள்ளைகளில் பாதியை அந்தத் தாளே பெற்றெடுத்தது என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை.

நானாவின் பென்டிரைவில் முப்பத்தெட்டுப் பாடல்கள் இருந்தன. முதல் நாள் அவை இனிமையாக இருந்தன. மூன்றாம் நாள் எந்தப் பாட்டுக்குப் பின் எது வரும் என்பது நால்வருக்கும் மனப்பாடம். ஐந்தாம் நாள் தம்பி ஒரு பாட்டுத் தொடங்குமுன்பே அதன் முதல் இசையை வாயால் வாசித்துக் காட்டினான். நானா ஒலியைச் சற்றுக் கூட்டினார். அத்தோடு இருவருக்கும் இடையில் ஒரு பகல் முழுவதும் பேச்சில்லை.

முறிகண்டியில் நிற்காமல் போகும் வாகனம் இல்லை. ஏ9 வீதியோரத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது எல்லா மதத்தவரும் கடைப்பிடிக்கும் வழக்கம். நான் சொல்லாமலே நானா வானை ஓரங்கட்டினார். அதற்காக என் தாளில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. கோயில் வாசலில் பெண்கள் விற்ற சூடான கச்சானைத் தம்பி இரண்டு பெரிய பைகளாக வாங்கி, பின் இருக்கையில் வைத்து உடைக்கத் தொடங்கினான். கோதைக் கூட்டியெடுத்துவிடலாம், உள்ளே பருப்பைப் போர்த்திருக்கும் அந்த மெல்லிய சிவப்புத் தோலை என்ன செய்வது? குளிரூட்டியின் காற்றில் அது எழுந்து பறந்தது. சட்டைக் கழுத்துக்குள் போனது, கண்ணாடியில் ஒட்டியது, மடிக்கணினியின் விசைகளுக்கிடையில் நுழைந்தது, காசேட்டுப் பிரதிகளின் பக்கங்களுக்குள் தங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒருமுறையும் திருகோணமலையில் ஒருமுறையும் வானைத் துடைத்தோம். ஒன்பதாம் நாள் ஹற்றனில், கிளை முகாமையாளருக்கு முன்னால் இருப்புப் பதிவேட்டை விரித்தபோது அதற்குள்ளிருந்து ஒரு சிவப்புத் தோல் எழுந்து அவருடைய தேநீர்க் கோப்பையை நோக்கிப் பறந்தது.

நீண்ட பயணத்தில் எனக்கு உண்மையாகவே எரிச்சல் தந்தது அந்த உத்தியோகத்தர் எதையும் குடிக்க மறுத்ததுதான். வாங்கிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்கப்படாமல் இருக்கும். இளநீருக்கு நிறுத்தினால் தலையை ஆட்டுவார். மதியத்துக்குப் பின் தலையிடி என்று கண்ணை மூடிக்கொள்வார். வாங்கியது வீணாகிறதே என்று கணக்காளன் மூளை கணக்குப் போட்டது. ஒருமுறை அதை முகத்தில் காட்டியும்விட்டேன். நான்காம் நாள் வவுனியாவைத் தாண்டும்போது, தம்பி உறங்கியிருந்த நேரத்தில், அவர் மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, நீங்கள் எந்த மரத்தடியிலும் இறங்கலாம். நான் எங்கே இறங்குவது?” ஏ9 பாதை 2002இல் திறந்து 2006இல் மீண்டும் மூடப்படுவதற்கு முன்னிருந்த ஆண்டுகளில், அவர் சிறு பிள்ளையாகத் தாயாரோடு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். வீட்டிலிருந்து புறப்பட்டால் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அப்போது தாயார் பழக்கியது. இருபது ஆண்டுகளில் சாவடி போய்விட்டது, வீதி காப்பற் ஆகிவிட்டது, அந்தப் பழக்கத்தைக் கைவிடுவதற்கான ஓர் ஏற்பாடு மட்டும் வழிநெடுகிலும் அவருக்குத் தென்படவில்லை. அதற்குப் பின் நாங்கள் தேத்தண்ணிக் கடையைத் தெரிவுசெய்த முறை மாறியது. தேத்தண்ணி எப்படி இருந்தாலும் சரி, கழிவறைக்குப் பூட்டும் தண்ணீரும் உண்டா என்று முதலில் தம்பி போய்ப் பார்த்து வருவான். நிகழ்ச்சி நிரல் இன்னும் கொஞ்சம் சரிந்தது.

அது சரிந்ததன் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. புதன்கிழமை கிளிநொச்சிக் கிளையை முடித்துக்கொண்டு தெற்கே வரும்போது, ஐந்து மணிக்குள் வவுனியாக் கிளையில் நிற்க வேண்டும் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லிப் பத்து நிமிடத்துக்குள் மரநிழலில் இருந்து ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டினார். கருவியில் எழுபத்தெட்டு என்று காட்டியது. நானா எதுவும் பேசாமல் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார்; பதிலுக்கு ஒரு தண்டப்பணச் சீட்டு வந்தது. அந்தக் காலத்து நடைமுறையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பணத்தைத் தபாலகத்தில் கட்டி, அந்தப் பற்றுச்சீட்டோடு அதே பொலிஸ் நிலையத்துக்குப் போனால்தான் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். கொழும்பில் இது ஒரு மத்தியான வேலை. நாட்டைச் சுற்றிக்கொண்டிருப்பவனுக்கு, வந்த வழியைத் திரும்ப அளப்பது. அன்று தபாலகம் மூடியாயிற்று. மறுநாள் காலை வவுனியாவில் வரிசையில் நின்று பணம் கட்டி, அறுபது கிலோமீற்றர் வடக்கே போய் அனுமதிப்பத்திரத்தை வாங்கி, அதே அறுபது கிலோமீற்றரைத் திரும்பி வந்தோம். அந்த நூற்றிருபது கிலோமீற்றர் முழுவதும் நானா எழுபதைத் தாண்டவில்லை; அறுபதைக்கூடத் தாண்டவில்லை. என்னிடம் அவர் ஒரு சொல்லும் குறைசொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தண்டப்பணம் சாரதியைச் சேர்ந்தது என்பது நிறுவன விதி. பாதியை நான் கொடுத்தேன், வாங்க மறுத்தார், அவருடைய இருக்கைப் பையில் வைத்துவிட்டேன்.

அன்று மாலை ரன்னிங் சார்ட்டை நிரப்பும்போது ‘காரணம்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். “சாரதி அனுமதிப்பத்திரம் மீளப் பெறல்” என்று எழுதினால் நானாவின் கோப்பில் ஏறும். “கணக்காய்வாளர் அவசரப்படுத்தியமை” என்று எழுதினால் கட்டம் போதாது. “அலுவல்” என்று எழுதினேன். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் பச்சை மை பாய்ந்திருக்கும்.

இழந்த அரை நாளை ஈடுகட்ட, வெள்ளிக்கிழமை திருகோணமலைக் கிளையை ஏழு மணிக்கே திறக்கவைத்து, ஒன்பதரைக்குள் முடிக்கப் பார்த்தோம். ஒரு பெட்டி அடுக்கை நான் சந்தேகப்பட்டு இரண்டாம் முறை எண்ணியதில் பத்தாகிவிட்டது. முதல் எண்ணிக்கையே சரி. கிண்ணியாவில் ஒருகாலத்தில் படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்ததை நானா சொல்லிக்கொண்டு வந்தார். 2009இல் திறந்த 396 மீற்றர் பாலத்தில் அந்தக் கதை முடிவதற்குள் அக்கரை வந்துவிட்டது. பாலம் மிச்சப்படுத்திய நேரத்தையெல்லாம் ஓட்டமாவடியில் கொடுத்தோம். பன்னிரண்டேகால் மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது ஜும்ஆவுக்காகக் கடைவீதி முழுவதும் பூட்டியிருந்தது. நானா வானை ஒரு மதிலோரம் நிறுத்தி, தொப்பியை எடுத்துக்கொண்டு, “பதினஞ்சு நிமிஷம் பொறுக்கேலாதா என்று கேக்க மாட்டேன் சேர், ஒரு மணித்தியாலம் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலை நோக்கி விரைந்தார். வாகனச் சாவி அவருடைய சட்டைப் பையில் போய்விட்டது.

சாவி இல்லாவிட்டால் அந்த வானின் கண்ணாடிகள் இறங்கா. உச்சி வெயில், மதில் மறுபக்கத்துக்கு மட்டும் நிழல் தந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் எனக்கும் உத்தியோகத்தருக்கும் மரக்கறிச் சாப்பாடுதான். சைவக்கடை பாலத்துக்கு அப்பால் வாழைச்சேனையில் இருந்தது. கோப்புகளையும் மடிக்கணினிகளையும் திறந்த வானில் விட்டுவிட்டு நடந்துபோக முடியாது. முப்பது கிலோமீற்றர் தள்ளித் தம்பியின் வீட்டில் அவனுடைய தாயார் எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கொரு தடவை தொலைபேசியில் அழைத்தார். “இந்தா வந்திட்டம் அம்மா” என்று அவன் ஐந்தாம் தடவை சொன்னபோது அவன் குரலில் அழுகை தெரிந்தது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்குப் பசி அப்படித்தான் இருக்கும். கதவுகளை விரியத் திறந்து வைத்து, அவற்றின் நிழலில் மூவரும் வீதியோரம் குந்தியிருந்தோம். உத்தியோகத்தர் பையிலிருந்து எடுத்து நீட்டியது முறிகண்டிக் கச்சான். தொழுகை முடிந்து நானா வந்து, எங்கள் கோலத்தையும் காலடியில் கிடந்த கோதுகளையும் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, முதன்முறையாக அவரே பாட்டை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

மலைநாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெல்லவாயவிலிருந்து எல்ல ஏறும் வளைவுகளில் தம்பிக்கு வாந்தி வந்தது. தேசிக்காயை மணந்துகொண்டு முன் இருக்கைக்கு மாறினான், அன்றிலிருந்து பாடல் வரிசை அவன் கைக்குப் போனது. வீதிப் பலகை ஒன்றில் ‘வளைவு’ என்பது ‘வலைவு’ ஆகியிருந்ததை அந்த நிலையிலும் படமெடுத்தான். பண்டாரவளைக் கிளையில் இருப்பு ஒன்றுகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. இத்தனை பாடுபட்டு வந்ததற்கு எழுத ஒன்றுமில்லையே என்று எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. நுவரெலியாவில் பனிமூட்டம், ஹற்றனில் மழை. செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு வெள்ளவத்தையில் என்னை இறக்கிவிட்டபோது மீற்றர் 1,387 கிலோமீற்றர் கூடியிருந்தது.

கணக்காய்வு அறிக்கை நாற்பத்தொரு பக்கம் வந்தது. பயணச் செலவுக் கோரிக்கை ஒரே பக்கம்தான். அது நான்காம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது: தேங்காய், கச்சான், கழிவறைக் கட்டணம், தேசிக்காய், திருகோணமலையில் வாகனம் நிறுத்திய காசு என மொத்தம் 3,480 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு இணைக்கப்படவில்லை. அனுப்பியவர் என்னிடம் பயிற்சி பெற்ற பெண். வட்டங்கள் ஒரே அளவில், நன்றாகவே போட்டிருந்தார். பற்றுச்சீட்டில்லாத செலவுக்கு உள்ளகக் கணக்காய்வு அதிகாரியின் விசேட அங்கீகாரம் வேண்டும் என்று விதி இருக்கிறது. தன் செலவைத் தானே அங்கீகரிக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. 2017இல் அதை வரைந்தவன் நான். அந்த 3,480 ரூபாய் இன்றுவரை தொங்கல் கணக்கில் கிடக்கிறது.