தற்கொலைத் தாக்குதல் ஆய்வும் தர்மபுரி நடுகற்களும்

தற்கொலைத் தாக்குதல்களைப் பற்றி உலகத்தில் யார் ஆய்வு செய்தாலும் தமிழர்களைத் தொடாமல் போக முடியாது. ராபர்ட் பேப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் வெளியிட்ட கணக்கில், 1980 முதல் 2003 வரை நடந்த 315 தாக்குதல்கள் இருக்கின்றன. அவற்றில் 76 விடுதலைப் புலிகள் நடத்தியவை. வேறெந்த இயக்கத்தையும் விட அதிகம். மத வெறிதான் இதற்கெல்லாம் காரணம் என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த மறுப்பில், மதத்தின் பெயரால் போராடாத ஓர் இயக்கம் நடத்திய இந்த 76க்குப் பெரிய பங்கு உண்டு. தங்கள் மண்ணில் அந்நியப் படை நிற்கிறது என்ற எண்ணமே அடிப்படைக் காரணம் என்பது அவர் வாதம்.

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். "நம்ம ஆளுங்கதான் ஃபர்ஸ்ட்டா மேடம்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கிற குரலில் ஒரு பெருமை இருக்கும். நான் திட்டுவதில்லை. 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள். முள்ளிவாய்க்கால் படங்களைப் பார்த்து மனம் வெந்தவர்கள். அந்த வலி பொய்யில்லை. ஆனால் 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு வேறு யார் யார் செத்தார்கள் என்று திருப்பிக் கேட்பேன். பதில் வராது. பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், கட்சிக்காரர்கள், கவிதை வாசித்துக் காட்ட வந்த ஒரு சிறுமி, அவளுடைய அம்மா. பெரும்பாலோர் தமிழர்கள். வெடித்த பெண்ணின் பெயர் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிகிறது, அந்தச் சிறுமியின் பெயர் ஒருவருக்கும் தெரிவதில்லை.

என்னிடம் ஆய்வு செய்யும் மாணவர் பாலக்கோட்டுப் பக்கம். அப்பா தக்காளி மண்டியில் வேலை பார்க்கிறார். இயக்கங்கள் தங்கள் இறந்தவர்களை எப்படி நினைவுகூர்கின்றன என்பதுதான் தலைப்பு. தலைப்பைக் கேட்டதுமே பலர் பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது: 1992 மே மாதத்திலிருந்து இந்தியாவில் அந்த இயக்கத்துக்குத் தடை. ஆய்வு செய்யத் தடை இல்லை, ஆனாலும் எதை எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். பிரச்சார வீடியோக்களை சொந்த போனில் வைத்திருக்கக் கூடாது, இரவில் தனியாக உட்கார்ந்து பார்க்கக் கூடாது, பார்த்த அன்றே குறிப்பெழுதி என்னிடம் பேசிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடைசி விதிதான் முக்கியம். சாகப் போகிறவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பையனுக்குத் தூக்கம் கெடும், இல்லையென்றால் மனம் மரத்துப்போகும். இரண்டுமே கெடுதல்.

மாணவர் எழுதிய முதல் அத்தியாயம் நடுகல்லில் தொடங்கியது. தர்மபுரிக்காரர் யார் எழுதினாலும் அப்படித்தான் தொடங்குவார். எங்கள் ஊர்ப்பக்கம் வயல் வரப்பில், ஏரிக்கரையில் நடுகல் நிற்கும். வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளும் நவகண்டச் சிற்பங்களும் உண்டு. இதிலிருந்து நேராகக் கோடு இழுத்து, 1987 ஜூலை 5 அன்று நெல்லியடியில் வெடிமருந்து லாரியை ராணுவ முகாமுக்குள் ஓட்டிய மில்லரிடம் கொண்டுபோய் முடித்திருந்தார். வாசிக்க நன்றாக இருந்தது. புலிகளின் நினைவு வழிபாட்டுக்கும் பழைய தமிழ் மரபுக்கும் உள்ள உறவைப் பற்றி பீட்டர் சால்க், மைக்கேல் ராபர்ட்ஸ் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆகவே துணைக்கும் ஆள் இருந்தது.

சரி, கல்லையே போய்ப் பார்ப்போம் என்று தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு அழைத்துப் போனேன். வரிசையாக நிற்கும் பல்லவர் காலக் கற்களில் ஒன்றின் முன் உட்கார்ந்தோம். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் ஒரு சிமிழ். மேலே வட்டெழுத்து. இந்தக் கல்வெட்டுகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு: இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னார் தொறுக் கொண்ட ஞான்று பட்டான் கல். மாட்டு மந்தையைக் கவர வந்தபோது நடந்த சண்டையில் செத்தவனுடைய கல் என்று அர்த்தம். மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது, கவரப் போய்ச் செத்தவனுக்கும் இருக்கிறது. ஒரு ஊரின் மாட்டுத் திருடன் பக்கத்து ஊரின் வீரன்.

அங்கே உட்கார்ந்துதான் நீண்ட நேரம் பேசினோம். கல்லில் இருப்பவன் சாவதற்காகப் போகவில்லை, மாட்டுக்காகப் போனான், செத்தான். அதற்கு அப்புறம்தான் ஊரார் கல் எடுத்து, நீராட்டி, பெயர் எழுதி நட்டார்கள். கரும்புலிகள், அதாவது புலிகளின் தற்கொலைப் படையினர், விஷயத்தில் வரிசை தலைகீழ். சாவு முதலிலேயே முடிவாகிவிடுகிறது. ஆளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, படம் எடுத்து வைத்த பிறகுதான் அனுப்புகிறார்கள். நட்டவர்களும் வேறு. முன்னது ஊர் செய்தது. பின்னதை, நவம்பர் 27 மாவீரர் நாள், துயிலும் இல்லம், ஒரே அளவில் வரிசையாகக் கல்லறைகள் என்று, ஒரு இயக்கம் திட்டமிட்டு நடத்தியது. அடுத்த ஆளைச் சேர்க்கவும் அது உதவியது. ஆயிரம் ஆண்டு இடைவெளியை மரபு என்று சொல்லி மூடிவிட்டால் இந்தத் திட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். எனக்கு அதில்தான் கோபம். "நம் ரத்தத்தில் இருக்கிறது" என்று சொல்லும்போது, முடிவெடுத்தவர்கள் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறார்கள்.

பேப்புக்கும் மறுப்புகள் வந்திருக்கின்றன. தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் எண்ணினால் காரணம் எப்படித் தெரியும், அந்நியப் படை இருந்தும் தாக்குதல் நடக்காத இடங்களையும் சேர்க்க வேண்டாமா என்று ஸ்காட் ஆஷ்வொர்த்தும் மற்றவர்களும் 2008இல் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போட்டி இயக்கங்கள் மக்கள் ஆதரவுக்காக ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதை மியா புளூம் காட்டினார். தாக்கப் போனவர்களில் பலர் ஏற்கெனவே சாக விரும்பியவர்கள் என்றார் ஆடம் லாங்ஃபோர்ட். அதை நான் முழுதாக ஏற்பதில்லை. இவை எல்லாவற்றிலும் பேச்சு போனவரைப் பற்றியும் அனுப்பியவரைப் பற்றியும்தான்.

ஒரு அணைப் பக்கத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமுக்கு அனுமதி வாங்கிப் போயிருந்தோம். வயதான ஒரு அம்மா பிளேன் டீயும் கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்து உட்கார வைத்தார். மாணவர் கேள்விப் பட்டியலை எடுத்தார். அவர் அதை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில எல்லாம் போன பிள்ளையளப் பற்றித்தான் கேட்டிருக்கிறீங்கள். அவையும் எங்கட பிள்ளையள்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா கொழும்பில பேங்குக்குள்ள வேலைக்குப் போன சனத்தையும் எழுதுவீங்களோ?" என்றார். 1996 ஜனவரி 31 அன்று நடந்த மத்திய வங்கித் தாக்குதலைச் சொல்கிறார். 91 பேர் செத்தார்கள், காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 1,400. பிறகு என் பக்கம் திரும்பி, "ரீச்சர், நீலனையும் எழுதச் சொல்லுங்கோ" என்றார். நீலன் திருச்செல்வம் அரசியல் சட்ட அறிஞர், தமிழர், நாடாளுமன்ற உறுப்பினர். 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். தமிழர் பிரச்சினைக்கு அதிகாரப் பகிர்வில் தீர்வு தேடிய ஒரு ஆய்வாளரைத் தமிழரின் பெயரால் கொன்றார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் அவர் இல்லை.

மாணவர் இப்போது தன் அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்: இறந்தவர் பெயர், வயது, தொழில், ஊர். நடுகல் அத்தியாயம் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பெயர்கள் பழைய நாளிதழ்களிலும் தீர்ப்பிலும் கிடைக்கின்றன. கொழும்புப் பெயர்களுக்குச் சிங்களப் பத்திரிகைகளைப் படித்தாக வேண்டும். சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் அதே முகாமில் இருக்கிறார். விடுமுறை நாட்களில் மாணவர் பஸ் பிடித்துப் போய் அவரிடம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்.