செசிலியம்மாள் கோவிலில் ஒரு மாலை

எங்கள் பங்குக் கோவிலில் பாடகர் குழு உட்காரும் இடத்தில், ஆர்மோனியத்துக்கு மேலே, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாள் படம் மாட்டியிருக்கும். ஆர்கன் வாசித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருபது வருஷமாக, அவருடைய திருநாளான நவம்பர் 22 வந்தால் அந்தப் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் பாட ஆரம்பிப்போம். அதனால் ரோமுக்குப் போனதும் பேதுரு பேராலயத்துக்கு அடுத்து நான் போகக் கேட்டது அவருடைய கோவிலுக்குத்தான்.

டைபர் ஆற்றின் அக்கரையில் திராஸ்தேவெரே என்ற பழைய பகுதி. சந்து சந்தாக நடந்து வாசலைத் தாண்டினால் ஒரு முற்றம், நடுவில் பெரிய பளிங்கு ஜாடி, தண்ணீர் விழும் சத்தம். வேறு சத்தமே இல்லை.

உள்ளே போய்ப் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டேன். படத்தில் பார்த்துப் பழகிய ஆர்கன் அங்கே இல்லை. ஸ்தேபனோ மதேர்னோ 1600-ல் செதுக்கிய வெள்ளைப் பளிங்குச் சொரூபம். வலப்பக்கமாக ஒருக்களித்துக் கிடக்கிறார். தலையைத் துணி சுற்றியிருக்கிறது, முகம் தரைப்பக்கம் திரும்பியிருக்கிறது. கழுத்தில் வெட்டுக்காயம். ஒரு கையில் மூன்று விரல், மறு கையில் ஒரு விரல் நீட்டியபடி. மூவொரு கடவுள் மேல் தனக்கிருந்த விசுவாசத்தைச் சாகும்போதும் அப்படிச் சொன்னார் என்பார்கள்.

1599-ல் கர்தினால் ஸ்ஃபொந்திராத்தி கல்லறையைத் திறந்தபோது உடல் இப்படியே கிடந்ததாம். தான் கண்டபடியே செதுக்கியதாக மதேர்னோ அங்கே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்.

விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட செசிலியம்மாளின் பாடுகளைச் சொல்லும் வரலாறு 5-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. கல்யாண வீட்டில் வாத்தியங்கள் முழங்க, அவர் நெஞ்சுக்குள் ஆண்டவருக்கு மட்டும் பாடிக்கொண்டிருந்தாராம். இசைக்குப் பாதுகாவலியானது அந்த ஒரு வரியால்தான். அப்புறம், குளியலறையில் அடைத்து நீராவியில் கொல்லப் பார்த்தார்கள், சாகவில்லை. மூன்று முறை வெட்டியும் தலை துண்டாகவில்லை, மூன்று நாள் உயிரோடிருந்தார். பக்கத்துச் சிற்றாலயத்தில் அந்தக் குளியலறையின் பழைய குழாய்களை இன்றும் காட்டுகிறார்கள்.

பாடகர்களின் பாதுகாவலிக்கு வெட்டு விழுந்தது தொண்டையில். இத்தனை வருஷம் பாடியும் இது எனக்கு உறைத்ததில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று நான் பாடப் போகாத ஞாயிறுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தலையை நிமிர்த்தினால் 9-ஆம் நூற்றாண்டு மொசைக். கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறையிலிருந்து புனிதையின் உடல் எச்சங்களான திருப்பண்டங்களைக் கொண்டுவந்து இந்தக் கோவிலைக் கட்டிய முதலாம் பாஸ்கால் பாப்பரசர், கோவிலின் சிறு உருவத்தைக் கையில் ஏந்தி நிற்கிறார். அவர் தலைக்குப் பின்னால் மட்டும் ஒளிவட்டம் சதுரமாக இருக்கிறது. வரைந்த காலத்தில் உயிரோடிருந்தார் என்பதற்கு அது அடையாளம்.

1527 முதல் இங்கே பெனடிக்டின் கன்னியர் வாழ்கிறார்கள். மடத்துப் பக்கத்து மணியை அடித்தால் மேல்மாடிப் பாடற்கூடத்துக்கு வழி விடுகிறார்கள். அங்கே, உலக முடிவில் கடவுள் தீர்ப்பிடும் பொதுத்தீர்வையைக் கவாலினி வரைந்த ஓவியம். மர இருக்கைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது 1900-ல் வெளிப்பட்டதாம். சம்மனசுகளின் (வானதூதர்களின்) சிறகில் இறகுக்கு இறகு நிறம் மாறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

பேராயர்கள் தோளில் அணியும் பாலியம் என்ற வெள்ளைக் கம்பளிப் பட்டையை வழிவழியாக நெய்து கொடுப்பதும் இந்த மடத்துக் கன்னியர்தான். ஆக்னஸம்மாள் திருநாளான ஜனவரி 21-ல் மந்திரிக்கும் ஆட்டுக்குட்டிகளின் உரோமம் அதில் சேர்கிறது. சென்னை-மயிலை, மதுரைப் பேராயர்கள் தோளில் நாம் பார்ப்பதும் அந்தப் பாலியம்தான்.

மாலைச் செபத்துக்கு இருந்தோம். சில குரல்கள்தான். மொழி புரியவில்லை, திருப்பாடல் என்பது மட்டும் புரிந்தது. வயதான சகோதரி ஒருவரின் குரல் ஒவ்வொரு அடியிலும் சற்றுப் பிந்தி வந்தது. அவர் முடிக்கும் வரை மற்றவர்கள் நிறுத்திக் காத்திருந்து, பிறகு அடுத்த அடியை எடுத்தார்கள்.